எல்டர்வாட்டரிலிருந்து கதீட்ரல் குவாரி வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் வடக்கே பிரெஸ்டனில் குடியிருக்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும், மழை கொட்டாத ஒரு நாளாகப் பார்த்து லேக் டிஸ்ட்ரிக்டில் இந்த நடைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். எல்டர்வாட்டர் என்ற சிற்றூரில் தொடங்கி, லிட்டில் லாங்டேல் பள்ளத்தாக்கில் இறங்கி, கைவிடப்பட்ட ஒரு சிலேட்டுக் குவாரிக்குள் போய்ச் சேரும் நடை. புறப்படும் முன்பும் வழியிலும் எல்லோரும் கேட்பது அநேகமாக ஒரே கேள்விகள். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

லேக் டிஸ்ட்ரிக்ட்னா ஏரியில படகு போறதுதானே? இதுல குவாரி எங்கேர்ந்து வந்துச்சு?

படகுச் சவாரி வின்டர்மியர் ஏரிக்கரையில் இருக்கிறது. ஆனால் அந்த ஊர்களின் வீடு, சுவர், கூரை, வேலி எல்லாமே சுற்றியுள்ள மலைகளில் வெட்டிய கல்தான். ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் பழைய குவாரிகள் இருக்கின்றன. சில இன்னும் ஓடுகின்றன. எல்டர்வாட்டர் ஊரை ஒட்டியே இன்றும் பச்சைச் சிலேட்டு வெட்டுகிறார்கள். நாம் போகும் கதீட்ரல் குவாரி ஓய்ந்துபோன ஒன்று. நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் நிலத்தில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

எரிமலைன்னு சொல்றீங்களே, மேல ஏறினா வாய் தெரியுமா? புகை வருமா?

வாயும் தெரியாது, புகையும் வராது. இந்த எரிமலைகள் ஏறக்குறைய 45 கோடி ஆண்டுகளுக்கு முன் வெடித்தவை. அப்போது இங்கே ஒரு கடல் இருந்தது. அதன் தரை பக்கத்து நிலத்துக்கு அடியில் செருகிக்கொண்டு போனபோது இந்த எரிமலைகள் கிளம்பின. குழம்பும் சாம்பலும் ஆயிரக்கணக்கான மீட்டர் கனத்துக்குக் குவிந்தன. அந்தப் பாறைத் தொகுதிக்குப் பாரோடேல் எரிமலைத் தொகுதி என்று பெயர். இங்கிலாந்தின் மிக உயரமான மலையான 978 மீட்டர் ஸ்காஃபெல் பைக்கும் இதே பாறைதான்.

இன்று கண்ணில் படும் மலைகளின் வடிவத்தை எரிமலை தரவில்லை, பனி தந்தது. கடைசிப் பனிக்காலத்தின் பனியாறுகள் பாறையைச் செதுக்கிப் பள்ளத்தாக்குகளைக் குடைந்துவிட்டுப் போயின. அதனால் மலையின் உருவத்தில் எரிமலையைத் தேடினால் ஏமாற்றம்தான். அது கல்லுக்குள்ளே இருக்கிறது. குவாரியில் அதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

எவ்வளவு தூரம்? எங்க அம்மாவால நடக்க முடியுமா, தம்பி?

எல்டர்வாட்டரிலிருந்து குவாரிக்குப் போய் வந்த வழியே திரும்பினால் ஏறக்குறைய 6 கிலோமீட்டர். நின்று பார்த்து, உட்கார்ந்து சாப்பிட்டு வர மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கோல்வித் அருவி, ஸ்கெல்வித் அருவி வழியாகச் சுற்றி வந்தால் 10 கிலோமீட்டர் வரும்.

ஏற்றம் பெரிதில்லை. அறுபது வயது தாண்டிய என் அத்தை சேலையோடும் விளையாட்டுச் செருப்போடும் ஸ்லேட்டர்ஸ் பாலம் வரை அலுக்காமல் வந்தார். ஆனால் பாலத்துக்கு அப்புறம் குவாரிக்கு ஏறும் கடைசிப் பாதை குறுகல், செங்குத்து, உடைந்த சிலேட்டு கிடக்கும் தடம். அங்கே மட்டும் அடிப்பாகம் பிடிமானமுள்ள ஷூ வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் பாலத்தோடு நின்றுகொள்வது நல்லது. பாலமே பார்க்கத் தகுந்த இடம்தான்.

தள்ளுவண்டிக் குழந்தையோ சக்கர நாற்காலியோ இருந்தால் இந்த நடை ஒத்துவராது. அதற்குப் பதில் எல்டர்வாட்டரிலிருந்து ஏரியை ஒட்டி ஸ்கெல்வித் பாலம் வரை போகும் பாதை இருக்கிறது. அது சமதளமாகப் போட்ட பாதை.

வழி தவறாம போறது எப்படி?

எல்டர்வாட்டரில் பாலத்தைத் தாண்டி, தெற்கே மேட்டில் ஏறும் சிறு சாலையைப் பிடித்து, காட்டோரமாக ஏறி டேல் எண்ட் பண்ணைப் பக்கம் போகவேண்டும். மேட்டின் உச்சியைக் கடந்ததும் லிட்டில் லாங்டேல் முழுவதும் கீழே விரியும். அங்கே ஒரு ஐந்து நிமிடம் நிற்கச் சொல்வேன். இறங்கி ஊர்ச் சாலையைக் கடந்து, வயல்வெளி வழியாக ஸ்லேட்டர்ஸ் பாலம். பாலத்தைத் தாண்டிக் கொஞ்சம் ஏறினால் ஒரு வண்டித்தடம் வரும். அதில் இடப்பக்கம் திரும்பி நடந்தால், சிறிது தூரத்தில் வலப்பக்கம் குவாரிக்கு ஏறும் வழி.

பாலத்தில் கட்டாயம் நில்லுங்கள். பிரேதி ஆற்றின் மேல் ஒரு பாதி வளைவாகக் கட்டியது, இன்னொரு பாதி நீளமான சிலேட்டுப் பலகைகளைக் கிடத்தியது. குவாரிக்கு வேலைக்குப் போனவர்கள் நடந்த பாலம் என்பதால்தான் அந்தப் பெயர். அகலம் ஒரு ஆள் நடக்கும் அளவுதான். எதிரே ஆள் வந்தால் இந்தப் பக்கம் நின்று அவர்கள் வரும்வரை காத்திருப்பது இங்கே வழக்கம்.

கார் இல்லாம போக முடியுமா?

முடியும். வின்டர்மியர் வரை ரயில், அங்கிருந்து 555 பேருந்தில் ஆம்பிள்சைட், பிறகு 516 பேருந்தில் எல்டர்வாட்டர். 516 அடிக்கடி வராது, கடைசி வண்டியும் சீக்கிரமே போய்விடும். திரும்பும் நேரத்தை முதலில் பார்த்துக்கொண்டு, அதற்கேற்ப நடையை அமைத்துக்கொள்ளுங்கள்.

காரில் வருபவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. மேற்குக் கடற்கரையிலிருந்து வந்தால் ஜிபிஎஸ் உங்களை ஹார்ட்நாட், ரைநோஸ் கணவாய்கள் வழியாக அனுப்பப் பார்க்கும். ஹார்ட்நாட்டில் மூன்றுக்கு ஒன்று என்ற சரிவு, ஒற்றை வண்டிப் பாதை. மலைச்சாலைப் பழக்கம் இல்லாதவர்கள் சுற்று வழியிலேயே வாருங்கள். எல்டர்வாட்டரில் கார் நிறுத்துமிடம் சின்னது. வார இறுதியில் காலையிலேயே நிரம்பிவிடும்.

அது சர்ச்சா? ஏன் கதீட்ரல்னு பேரு?

சர்ச் இல்லை. ஒரு சிறு சுரங்க வழியாக உள்ளே நுழைந்ததும் ஏறக்குறைய 12 மீட்டர் உயரமான ஒரு கூடம் திறந்துகொள்ளும். நடுவில் சாய்ந்தாற்போல ஒரே ஒரு பாறைத் தூண், கூரையைத் தாங்கி நிற்கும். பக்கவாட்டில் பெரிய திறப்புகள். அதன் வழியே வெளிச்சம் விழும், கீழே தேங்கிய நீரில் அது அலையும். உள்ளே போனதும் எல்லோரும் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன். கதீட்ரல் என்ற பெயர் அங்கே பொருந்தத்தான் செய்கிறது.

அப்போ இயற்கைக் குகை இல்லையா? மனுஷங்க வெட்டினதா?

முழுக்க மனிதர்கள் வெட்டியது. எனக்கு இந்த இடத்தில் மிக முக்கியமாகப் படுவது இதுதான். நல்ல சிலேட்டு ஓடும் திசையைப் பின்பற்றி மலைக்குள் போய், கீழிருந்து மேலாக உடைத்து எடுத்தார்கள். தூணை விட்டுவைத்தது தற்செயல் அல்ல. அதையும் வெட்டி விற்றிருக்கலாம். தலைக்கு மேலே உள்ள பாறையின் பாரத்தைக் கணக்குப் போட்டு, 'இதைத் தொடக்கூடாது' என்று முடிவெடுத்தவர்கள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் வேலை செய்த கல்லுடைப்பவர்கள்.

வேலை மூன்று கைகளில் நடந்தது. பாறையைக் கருமருந்து வைத்துப் பெயர்ப்பவர்கள் ஒரு பிரிவு. பெயர்த்த பாறைக் கட்டியைச் சுத்தியலாலும் உளியாலும் ஏடு ஏடாகப் பிளப்பவர் 'ரைவர்'. பிளந்த ஏட்டின் ஓரத்தைச் சீவிக் கூரை ஓடாக்குபவர் 'டிரெஸ்ஸர்'. ஒரு குழுவாகச் சேர்ந்து குவாரி முதலாளியிடம் 'இந்தப் பகுதியை இன்ன விலைக்கு எடுத்துத் தருகிறோம்' என்று பேரம் பேசி வேலை செய்வார்கள். பாறை நன்றாக அமைந்தால் கையில் கூலி தங்கும். கோணலாகப் பிளந்தால் ஒரு மாத உழைப்பும் கழிவுக் குவியலுக்குப் போகும். வாசலுக்கு வெளியே நீங்கள் ஏறிவந்த உடைகல் மேடு முழுவதும் அப்படிக் கழிந்ததுதான். வெட்டியதில் பெரும்பங்கு அங்கேதான் கிடக்கிறது.

வெடிமருந்துக்குத் தூரம் போகவேண்டியிருக்கவில்லை. எல்டர்வாட்டரிலேயே 1824இல் ஒரு கருமருந்து ஆலை தொடங்கி நூறாண்டுக்கு மேல் ஓடியது. அந்த இடத்தில் இப்போது விடுமுறை விடுதிகள்.

இந்தக் கல்லு ஏன் பச்சையா இருக்கு? நம்ம கடப்பாக்கல் மாதிரியா? பள்ளிக்கூட சிலேட்டும் இதுதானா?

மூன்று கேள்வியும் அடுத்தடுத்து வரும், அதனால் சேர்த்தே சொல்கிறேன். மேலே சொன்ன எரிமலைகளின் நுண்ணிய சாம்பல் நீரில் விழுந்து படிந்தது. பிறகு, சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் மலைகள் எழுந்த காலத்தில் அந்தப் படிவு பயங்கரமாக அமுக்கப்பட்டது. அமுக்கத்தில் அதன் கனிமத் தகடுகள் எல்லாம் ஒரே பக்கம் படுத்தன. அதனால் கல் அந்தத் திசையில் ஏடாகப் பிளக்கிறது. அப்போது உருவான குளோரைட் என்ற கனிமம்தான் பச்சை நிறத்துக்குக் காரணம்.

கடப்பாக்கல் அப்படியில்லை. அது சுண்ணாம்புக்கல். கடலடியில் படிந்த அடுக்கு வாக்கிலேயே பலகையாகப் பிரிகிறது. இங்கே படிந்த அடுக்கு ஒரு பக்கம் ஓடும், பிளக்கும் திசை இன்னொரு பக்கம் ஓடும். குவாரிச் சுவரை ஈரமாக இருக்கும்போது பாருங்கள், வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகக் கோடுகள் தெரியும். அவை சாம்பல் விழுந்த அடுக்குகள். ஒரு கோட்டுக்குள் அடியில் பருமனான துகள், மேலே மாவு போன்ற துகள். ஆற்று மணலைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டுக் கலக்கிவிட்டு வைத்தால் முதலில் பருமன் தங்கும், பிறகு நுண்மை தங்கும். அதே கணக்கு.

பள்ளிச் சிலேட்டைப் பொறுத்தவரை, பாறை வகையில் உறவு உண்டு. ஆனால் லாங்டேலின் பச்சைக்கல் பெரும்பாலும் கூரைக்கும் கட்டடத்துக்கும் போனது. நம் பக்கத்தில் எழுதும் சிலேட்டுக்குப் பேர்போன ஊர் ஆந்திராவின் மார்க்காபுரம்.

நம்ம ஊர்ல குவாரித் தண்ணில வருஷா வருஷம் பசங்க முங்கிடுறாங்க. பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போறது சரியா அண்ணா?

இந்தப் பயம் நியாயமானது, இதைக் கேட்பவர்களை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. கதீட்ரல் கூடத்தில் ஓரமாகச் சுற்றி நிற்க இடம் உண்டு. நீர் அமைதியாக, ஆழமே இல்லாததுபோலத் தெளிவாகத் தெரியும். தெளிந்த நீரில் ஆழம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. சிலேட்டுக்கல் ஈரத்தில் சோப்பு மாதிரி வழுக்கும். சிறு பிள்ளைகளைக் கையைப் பிடித்தே உள்ளே கூட்டிப் போங்கள். குளிக்க இறங்கவேண்டாம்.

இதைவிடக் கவலைப்படவேண்டிய இடம் ஹாட்ஜ் குளோஸ். தெற்கே ஒரு கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் இன்னொரு பழைய குவாரி. ஓரத்தில் சுவரே இல்லாத நெட்டுக்குத்தான பள்ளம், அடியில் ஆழமான நீர். பழகிய முக்குளிப்பவர்களே அங்கே உயிரிழந்திருக்கிறார்கள். படத்தில் பார்த்துவிட்டு 'அங்கேயும் போவோம்' என்பார்கள். குழந்தைகளோடு போவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

கல்லு மேல விழாதா?

விழக்கூடும். கைவிட்ட குவாரி எதுவும் முழுப் பத்திரம் இல்லை. குளிர்காலத்தில் வெடிப்புகளில் புகுந்த நீர் உறைந்து விரியும், உருகும்போது கல் தளரும். உறைபனி உருகும் நாட்களிலும் பெருமழைக்கு மறுநாளும் நான் உள்ளே போவதில்லை. வாசலில் நேஷனல் டிரஸ்ட் அறிவிப்பு இருந்தால் அதன்படி நடந்துகொள்ளுங்கள். மூடியிருந்தால் திரும்பிவிடவேண்டியதுதான். சுவருக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். மேலே பாறை ஏறுபவர்கள் கயிறு கட்டியிருந்தால் அவர்களுக்கு நேர்கீழே நிற்காதீர்கள்.

உள்ளே இன்னும் சுரங்கம் போகுதாமே?

போகிறது. அதில் இருட்டான நீளமான ஒன்றுக்கு டார்ச் கட்டாயம். செல்போன் விளக்கு போதாது, ஒரு கையும் அதிலேயே மாட்டிக்கொள்ளும். நெற்றியில் கட்டும் விளக்கு நல்லது. தலை இடிக்கும் இடங்கள் உண்டு. பழைய சுரங்கங்களில் வௌவால்கள் தங்கும். இங்கே அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. தீ மூட்டுவதும் கூச்சல் போடுவதும் கூடாது.

இந்தக் குகைகளைச் சுற்றி ஒரு கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் லான்டி ஸ்லீ என்பவர் இந்தப் பள்ளத்தாக்கில் குவாரி வேலையும் விவசாயமும் பார்த்துக்கொண்டே திருட்டுத்தனமாக விஸ்கி காய்ச்சினார். அடுப்புகளைக் குகைகளிலும் புதர்களிலும் ஒளித்துவைத்தார். ஊர்க்காரர்கள் இன்றும் அவர் பெயரைப் பிரியத்தோடு சொல்கிறார்கள்.

மழை வந்தா என்ன பண்றது?

'வந்தால்' இல்லை, வரும். இதே மலைத்தொடரில் உள்ள சீத்வெய்ட்டில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, சென்னையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். குடை காற்றில் நிற்காது. மழைக்கோட்டு, ஒரு ஜோடி மாற்றுக் காலுறை, தண்ணீர், புளிசாதம்.

ஒருமுறை நண்பரின் குடும்பத்தோடு போனபோது டேல் எண்ட் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. 'இவ்வளவு தூரம் வந்துட்டோமே' என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். குவாரி ஏற்றத்தில் அவர்களுடைய பெண் வழுக்கி விழுந்து முழங்கையைக் கிழித்துக்கொண்டாள். அன்றிலிருந்து பாலத்தருகே மழை கனத்தால் அங்கேயே திரும்பிவிடுகிறேன்.

யாரோ ஒருத்தர் பண்ணைக்குள்ள போற மாதிரி இருக்கே, திட்ட மாட்டாங்களா?

பொதுப்பாதை என்று பலகை இருந்தால் பண்ணை நடுவில் போனாலும் நடக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. பாதையை விட்டு விலகாமல், கேட்டை எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போகவேண்டும். மூடியிருந்தால் மூடவேண்டும், திறந்திருந்தால் திறந்தே இருக்கவேண்டும்.

வழியில் மேயும் ஆடுகள் ஹெர்ட்விக் இனம். குட்டி கறுப்பாகப் பிறந்து, வளர வளர உடல் சாம்பல் நிறமாகி முகம் வெளுக்கும். முயல் கதைகள் எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர் பிற்காலத்தில் இந்த ஆடுகளை வளர்த்துக் காத்தவர். இந்தப் பக்கத்து மங்க் கானிஸ்டன் எஸ்டேட்டை 1930இல் வாங்கி, பாதியை வாங்கிய விலைக்கே நேஷனல் டிரஸ்டுக்கு விற்றவரும் அவர்தான். ஏப்ரல், மே மாதங்களில் குட்டிபோடும் காலம். பிள்ளைகள் ஆட்டைத் துரத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன சிலேட்டுத் துண்டு எடுத்துட்டு வரலாமா? லட்சக்கணக்குல கிடக்கே?

வேண்டாம். கழிவு என்று நமக்குத் தோன்றுவது அங்கே வேலை நடந்ததற்கு மிஞ்சியிருக்கும் சாட்சி. சில துண்டுகளில் உளி பட்ட தடம் இருக்கும், சிலவற்றில் கருமருந்து வைக்கத் துளையிட்டதன் அரைக்குழல் தடம் இருக்கும். கையில் எடுத்துப் பாருங்கள், படம் பிடித்துக்கொள்ளுங்கள், கிடந்த இடத்தில் வைத்துவிடுங்கள். சுவரில் பெயர் கீறுவதைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன், ஆனால் தமிழிலும் ஒரு பெயரைப் பார்த்துவிட்டேன். மனசு கஷ்டமாக இருந்தது.

போன் சிக்னல் கிடைக்குமா? ஏதாவது ஆனா?

பள்ளத்தாக்கில் பல இடங்களில் கிடைக்காது. வரைபடத்தை முன்பே தரவிறக்கிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 999 அழைத்து, போலீஸ் கேட்டு, அவர்களிடம் மவுண்டன் ரெஸ்க்யூ வேண்டும் என்று சொல்லவேண்டும். குறுஞ்செய்தியாலும் 999ஐ அழைக்கலாம், ஆனால் அதற்கு முன்கூட்டியே பதிவு செய்திருக்கவேண்டும். வீட்டிலேயே செய்துவிடுங்கள். மீட்க வருபவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

இவ்வளவு அழகான மலையைத் தோண்டிக் கெடுத்திருக்காங்க. இதைப் போய் உலகப் பாரம்பரியம்ங்கறாங்களே?

இது என் அண்ணன் கேட்டது. ஊரில் குன்றுகள் ஒன்றொன்றாகக் காணாமல் போவதைப் பார்த்து வளர்ந்தவர் அவர், அந்தக் கோபம் எனக்கும் உண்டு. இங்கே காயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் லேக் டிஸ்ட்ரிக்டுக்கு 2017இல் யுனெஸ்கோ தந்த தகுதி மனிதர் கைபடாத இயற்கைக்குத் தந்ததல்ல. மேய்ச்சலும் கல்வேலையும் மக்களும் சேர்ந்து ஆக்கிய நிலம் என்பதற்கே தந்தார்கள். இந்த மலைகளில் கல் வெட்டுவது நேற்று வந்ததும் இல்லை. பக்கத்துக் கிரேட் லாங்டேலில் பைக் ஆஃப் ஸ்டிக்கிள் சரிவில், ஏறக்குறைய 6,000 ஆண்டுகளுக்கு முன் புதிய கற்கால மக்கள் இதே எரிமலைச் சாம்பற்கல்லில் கோடரி செய்தார்கள். அந்தக் கோடரிகள் பிரிட்டன் முழுவதும், அயர்லாந்திலும் கிடைக்கின்றன.

அளவுதான் வித்தியாசம் என்று அண்ணனிடம் சொன்னேன். உளியும் கருமருந்தும் ஒரு மலையில் ஒரு கூடத்தைக் குடைந்தன. மலை இன்னும் நிற்கிறது, பிர்ச் மரங்கள் உடைகல் மேட்டில் முளைத்துவிட்டன. இயந்திரம் வந்த பிறகு ஒரு குன்று தரைமட்டமாக எத்தனை ஆண்டு ஆகிறது என்பது அவருக்கே தெரியும். பதில் அவருக்கு முழுத்திருப்தி தரவில்லை. தூணுக்குக் கீழே ரொம்ப நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தார்.

எல்டர்வாட்டருக்குத் திரும்பியாச்சு, பஸ்ஸுக்கு அரைமணி நேரம் இருக்கு. என்ன பண்றது?

பேருந்து நிறுத்தத்திலிருந்தே சுற்றியுள்ள கூரைகளைப் பாருங்கள். அடியில், இறவாரத்தில் இருப்பவை பெரிய சிலேட்டுகள். வரிசை வரிசையாக மேலே போகப்போகச் சின்னதாகிக்கொண்டே வந்து, முகட்டருகே உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிடும். பிளக்கும்போது எல்லாம் பெரிதாகக் கிடைக்காது என்பதால், கிடைத்த ஒவ்வொரு அளவுக்கும் கூரையில் ஓர் இடம் வைத்துக் கட்டிய முறை இது. பிள்ளைகளிடம் முகட்டிலிருந்து இறவாரம் வரை வரிசைகளை எண்ணச் சொல்லுங்கள். பேருந்து வரும்வரை அது போதும்.